பிராக்கு அண்ணை

அவருக்கு நல்ல பெயர் ஒன்று இருந்தது. சம்பளத் துண்டில் பார்த்திருக்கிறேன். ஆனால் எங்களில் ஒருவரும் அதைச் சொல்லி அவரைக் கூப்பிட்டதில்லை. முன்னாலும் பிராக்கு அண்ணை, பின்னாலும் பிராக்கு அண்ணை. கூப்பிட்டால் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார். கோபிக்கத் தெரியாத மனுசன்.

பிராக்குப் பார்ப்பதென்றால் எங்கள் யாழ்ப்பாணப் பக்கத்தில், போகிற காரியத்தை மறந்து கண்டதையெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்பது. அண்ணை அதில் விண்ணர். நியூசிலாந்தில், ஓக்லாந்து நகரத்து த்ரீ கிங்ஸில் ஒரு தெருவின் பள்ளத்தில், யாரோ ஒருவருடைய வீட்டுப் பின்புறக் கராஜில் அவர் வாடகைக்கு இருந்தார். அதே தெருவின் மேட்டில் ஒரு சின்ன பிளாட்டில் நான் இருந்தேன். நகருக்கு வெளியே புக்கெகோஹி மரக்கறித் தோட்டத்து வேலைக்குப் போக என்னிடம்தான் கார் இருந்தது. காலை ஆறு மணிக்கு அவர் ஏற்றம் ஏறி என் வாசலுக்கு வரவேண்டும். இருநூறு மீற்றர் தூரம் இருக்குமோ என்னவோ, அதற்குள் நாலு இடத்தில் நிற்பார். முதலில் ஒரு வீட்டுத் தபால்பெட்டி. அடுத்தது குளிர்காலத்தில் பூக்கிற கமெலியாச் செடி வேலி. பிறகு ஒரு வீட்டு முற்றத்தில் இழுவைவண்டியில் ஏற்றியபடியே கிடக்கும் படகு. கடைசியாக என் பக்கத்து வீட்டு மதில். அந்த மதிலில் பார்க்க ஒரு மண்ணும் இல்லை. அதையும் பார்ப்பார்.

நான் காரின் கண்ணாடியில் பிடித்த உறைபனியைச் சுரண்டிக்கொண்டு பல்லைக் கடிப்பேன். என் வாய் பொல்லாத வாய் என்று ஊரிலேயே பெயர். விடியற்காலையில் அது இன்னும் பொல்லாதது. "அண்ணை, நீங்கள் வந்து சேர பூக்கோவா பூத்துக் காய்ச்சிடும்," என்று மேட்டிலிருந்து கத்துவேன். அவர் வந்து கதவைத் திறந்து, மூச்சு வாங்க உட்கார்ந்து, அந்தப் படகை ஒரு நாளாவது தண்ணீரில் விடுவார்களோ தெரியாது என்று மெல்லக் கவலைப்படுவார். எனக்குச் சிரிப்பு வந்துவிடும். சிரித்த பிறகு எப்படிச் சண்டை பிடிப்பது?

வழியில் தமிழ்நாட்டுத் திருநெல்வேலி அக்காவை ஏற்றிக்கொள்வோம். அவருடைய கணவர் கம்ப்யூட்டர் படித்தவர். அந்தப் படிப்புக்கேற்ற வேலை கிடைக்கும் வரைக்கும் அக்கா என்னோடு பொதிசெய்கிற கொட்டகையில் நின்றார். முதல் வாரமே அண்ணையைக் கணக்கெடுத்துவிட்டார். "உங்க அண்ணாச்சி என்ன, எப்பப் பாத்தாலும் வேடிக்கை பாத்துக்கிட்டே நிக்காரு? கவிதை கிவிதை எழுதுவாரோ?" என்று என் காதில் கேட்டார். எழுதக்கூடும் என்று நானும் அடித்துவிட்டேன். அண்ணை ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்தவர். அரிசி மூட்டைக் கணக்கைத் தவிர வேறொன்றையும் அவர் எழுதியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

புக்கெகோஹியில் அப்போது எங்களுக்குக் குளிர்கால வேலை பூக்கோவாதான், காலிஃபிளவர் என்கிறார்களே அதுதான். ஆண்கள் வயலில் குனிந்து வெட்டிப் பெட்டியில் போட்டு, நிறைந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு சேற்றில் நடந்து டிராக்டர் வண்டியில் ஏற்றவேண்டும். பெண்களாகிய நாங்கள் கொட்டகைக்குள் நின்று இலையை நறுக்கி, பிளாஸ்டிக் சுற்றி அடுக்குவோம். ஓக்லாந்தில் என்ன பெரிய குளிர், பனி கொட்டுகிறதா என்று கனடாவில் இருக்கிற சொந்தங்கள் என்னைக் கேலி செய்வார்கள். இங்கே ஜூலைதான் நடுக் குளிர்காலம். வந்து அந்த வயலில் ஒரு ஜூலை மாத விடியலில் நின்று பார்க்கச் சொல்லவேண்டும். இரவு முழுக்க உறைந்த இலையைக் கையால் பிடித்தால் விரல் இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. ஈரக்குளிர் எலும்புக்குள் போகும்.

அங்கேயும் அண்ணை நிற்பார். மூன்று பெட்டி தூக்கினால் நாலாவது பெட்டியை நிலத்தில் வைத்துவிட்டு, அதன் மேல் ஒரு கையை ஊன்றி, தூரத்து மலைச்சரிவைப் பார்ப்பார். எங்கள் மேற்பார்வையாளர் தொங்கா நாட்டுக்காரர், ஆள் மலை மாதிரி, குணம் பச்சைப்பிள்ளை. ஒரு நாள் அவரும் வேலையை விட்டுவிட்டு அண்ணைக்குப் பக்கத்தில் போய் நின்று, இந்த மனிதன் அப்படி என்னத்தைப் பார்க்கிறான் என்று அதே திசையில் வெகுநேரம் பார்த்தார். ஒன்றும் இல்லை. நாலு மாடு மேய்ந்தது. இரண்டு பேரும் மாடு பார்த்துவிட்டு வேலைக்குத் திரும்பினார்கள். நாங்கள் கொட்டகைக்குள் நின்று வயிறு நோகச் சிரித்தோம்.

இதை இப்போது எழுதும்போது சிரிப்பு வரவில்லை.

ஒரு நாள் தேநீர் நேரத்தில் அவர் நெஞ்சை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு ஏப்பம் விட முயன்றார். வரவில்லை. திருநெல்வேலி அக்கா உடனே, "வாயுதான். கிழங்கு சாப்பிட்டீங்களா?" என்றார். ஓம், சாப்பிட்டார். நியூசிலாந்தில் உருளைக்கிழங்கு சாப்பிடாமல் எவன் இருக்கிறான்? மறுநாள் அக்கா போத்தலில் பெருங்காயம் கரைத்த மோர் கொண்டுவந்தார். நான் வெள்ளைப்பூண்டு, எங்கள் உள்ளி, போட்டுக் காய்ச்சிய பால் கொண்டுபோனேன். அண்ணையின் சட்டைப்பையில் எந்த நேரமும் ஒரு துண்டு வேர்க்கொம்பு கிடக்கும். அந்தச் சுக்கைக் கடித்துக்கொண்டே பெட்டி தூக்குவார். எங்கள் ஆட்களுக்கு நெஞ்சு என்று ஒரு உறுப்பு கிடையாது. கழுத்துக்குக் கீழே எங்கே நொந்தாலும் வாய்வு.

நான் ஊரில் ஒன்பது வருடம் ஆஸ்பத்திரியில் நேர்ஸாக இருந்தவள். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அதைவிட அந்த உள்ளிப்பாலை நினைத்தால் இன்னும் வெட்கம். இங்கே என் படிப்பைப் பதிய ஆங்கிலச் சோதனை எழுதவேண்டும். இரண்டு தரம் எழுதி இரண்டு தரமும் கோட்டைவிட்டிருந்தேன். இனி நீ நேர்ஸ் இல்லை, பூக்கோவாவுக்குப் பிளாஸ்டிக் சுற்றுகிறவள் என்று என் மூளையே நம்பத் தொடங்கியிருக்க வேண்டும். கண்ணுக்கு முன்னால் நடந்ததை முழுதாக ஒன்றரை மாதம் நான் காணவில்லை.

கண்டது ஒரு ஜூலை மாதக் காலையில். கமெலியா வேலிக்கு நேரே இருந்த தெருவிளக்கு பழுதாகிக் கும்மிருட்டு. ஆறு மணிக்கு இங்கே அந்த மாதத்தில் நடுச்சாமம் போலத்தான் இருக்கும். மேட்டில் நின்று பார்த்தால் வேலிக்குப் பக்கத்தில் ஒரு உருவம் மட்டும் கறுப்பாகத் தெரிந்தது. அசையாமல் வேலியைப் பார்த்து நின்றது. எனக்குப் பொறுமை போய்விட்டது. இன்றைக்கு விடுவதில்லை என்று சுரண்டுகிற தகட்டையும் கையில் பிடித்தபடி இறங்கிப் போனேன். இருட்டுக்குள் என்ன பூவைப் பார்க்கிறியள் என்று கேட்க வாயைத் திறந்தேன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இருட்டில் எந்தப் பூ தெரியும்? போன தை மாசியில், இங்கத்தைய கோடையில், நல்ல வெளிச்சத்தில், இதே தெருவில் ரோசாப்பூக்கள் கொட்டிக் கிடந்தன. அப்போது இந்த மனுசன் ஒன்றையும் திரும்பிப் பாராமல் ஒரே மூச்சில் ஏறி வந்து என் கதவைத் தட்டுவார். பிராக்கெல்லாம் குளிரோடுதான் வந்தது.

கிட்டப் போனேன். அந்த உறைபனிக்குள் அவருடைய நெற்றி வியர்த்திருந்தது. இடது கை வேலிக் கொப்பைப் பிடித்திருந்தது. நான் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தேன். அவர் கையை இழுக்கவில்லை. இரண்டு நிமிடம் கழிய மூச்சு இறங்கி வந்தது. பிறகு என்னைப் பார்த்துச் சிரித்து, "நல்ல மணம், பிள்ளை," என்றார்.

கமெலியாவுக்கு மணமே கிடையாது.

அன்றைக்குக் காரில் அவரை இருத்தி ஹீட்டரைப் போட்டுவிட்டு விசாரணை நடத்தினேன். எப்போது வரும்? ஏற்றம் ஏறினால், பெட்டி தூக்கினால். வெயில் காலத்தில்? இல்லை. நின்றால்? ரெண்டு நிமிசத்தில போயிடும். கைக்குப் போகுமா? தோளுக்குப் போகும். நான் படித்ததை எனக்குத் தெரிந்த தமிழில் அவருக்குச் சொன்னேன். குளிர் பட்டால் உடம்பு தன் சூட்டைக் காக்க இரத்தக்குழாய்களை இறுக்கும். இறுகின குழாய்க்குள்ளால் இரத்தத்தைத் தள்ள இதயம் கூடப் பாடுபடவேண்டும். அதே நேரத்தில் பாரமும் தூக்கினால் இரட்டிப்பு வேலை. அந்த இதயத்துக்கே இரத்தம் கொண்டுபோகிற குழாய் ஒடுங்கிப் போயிருந்தால் அது என்ன செய்யும்? நோகும். நின்றால் விடும். ஒரு நாள் நின்றாலும் விடாது.

கவனமாகக் கேட்டார். கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"டொக்டர் இதை எழுதிவைப்பாரோ?"

"எழுதத்தானே வேணும்."

"அப்ப வேண்டாம், பிள்ளை."

அவருடைய மனைவியும் மகளும் அப்போது கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில், ஒரு அறையில் இருந்தார்கள். மகளுக்குப் பதினைந்து வயது. யுத்தம் நடந்த நேரம், இரவில் பொலிஸ் வந்து கதவைத் தட்டிப் பதிவு கேட்கிற காலம். யாழ்ப்பாணத்திலிருந்து ஏன் வந்தாய், எப்போது போவாய் என்று பிள்ளையை நிறுத்தி வைத்துக் கேட்பார்களாம். இவர் இங்கே வந்து வதிவிட அனுமதி எடுத்து, அவர்களைக் கூப்பிட விண்ணப்பம் போட்டிருந்தார். கோப்பு உள்ளே கிடந்தது. மெடிக்கல் செய்யவேண்டும் என்று ஒரு கடிதம் வந்திருந்தது. அண்ணை அந்தக் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். மெடிக்கல் என்றால் குடும்பம் முழுக்கத்தானே என்பது அவருடைய கணக்கு. இதயவருத்தக்காரன் என்று எங்காவது ஒரு டொக்டர் ஒரு வரி எழுதினால், அது இமிகிரேஷனுக்கு, குடிவரவுக் கந்தோருக்குப் போகும். நோயாளியின் குடும்பத்தை இவர்கள் ஏன் எடுக்கப்போகிறார்கள்?

சிரிக்காதீர்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். எங்களில் எல்லோரும் நம்பினோம். நாங்கள் வந்த நாட்டில் ஒரு இடத்தில் சொன்னது இன்னொரு இடத்துக்குப் போய்ச் சேரும். ஊர் விதானையிடம், கிராம அலுவலரிடம், கொடுத்த பெயர் சோதனைச்சாவடியில் இருக்கும். ஆஸ்பத்திரித் துண்டைக் கையில் வைத்திருந்தவனை, காயம் எப்படி வந்தது என்று ஆமி பிடித்துக்கொண்டு போவதைப் பார்த்தவர்கள் நாங்கள். ஒரு கந்தோருக்குத் தெரிந்தது மற்றதற்குத் தெரியாமல் இருக்கும் என்று எங்களுக்கு யார் சொன்னது? யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்கவும் பயம். கேட்டாலே சந்தேகம் வருமே.

"ஆக்கப் பொறுத்தது, ஆறவும் பொறுப்பம்," என்றார். "அவையள் வந்து இறங்கின அண்டைக்கே உங்களோட டொக்டரிட்ட வாறன். அதுமட்டும் ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. அம்மாளாணை."

நான் தலையாட்டினேன். ஊர்ப் புதினமெல்லாம் என் வாயில் தங்காது, இது தங்கியது. அதற்காக எனக்கு என்னிலும் கோபம், அவரிலும் கோபம். இருபத்தைந்து வருடத்துக்கு மேலாயிற்று, இன்னும் ஆறவில்லை.

சொல்லத்தான் இல்லை, சும்மாவும் இருக்கவில்லை. அடுத்த நாளிலிருந்து காரைப் பள்ளத்துக்குக் கொண்டுபோய் அவருடைய கராஜ் வாசலிலேயே நிறுத்தினேன். மூக்கையும் வாயையும் மூடி மப்ளர் கட்டவைத்தேன். வயலுக்கு இறங்குமுன் கொட்டகைக்குள் பத்து நிமிடம் கைகாலை ஆட்டி உடம்பைச் சூடாக்கச் சொன்னேன். திருநெல்வேலி அக்கா அதைப் பார்த்து, அண்ணாச்சி டான்ஸ் படிக்காரா என்றார். மேற்பார்வையாளரிடம் போய், இவருக்குத் தோள்மூட்டில் உபாதை, உள்ளே வேலை கொடுங்கள் என்று என் உடைந்த ஆங்கிலத்தில் பொய் சொன்னேன். அந்த நல்ல மனுசன் உடனே விட்டுவிட்டார். அண்ணை பெண்களோடு நின்று பூக்கோவாவுக்குப் பிளாஸ்டிக் சுற்றினார். வெட்கப்பட்டார். ஆனால் சுற்றினார். நிற்பதும் குறைந்தது. ஆட்கள் பிராக்கு அண்ணைக்குப் பிராக்கு விட்டுப்போச்சு என்று சொன்னார்கள்.

ஒன்றில் மட்டும் தோற்றேன். வெள்ளிக்கிழமை விரதம் பிடிப்பார். பிடிக்கட்டும். ஆனால் அந்தக் கராஜின் தண்ணீர்க் குழாயில், விடிய ஐந்து மணிக்குப் பச்சைத்தண்ணீரில் தலை முழுகிவிட்டு ஈரத்தலையோடு வந்து காரில் ஏறுவார். நான் தலையிலடித்துக்கொள்வேன். வீட்டுக்காரரின் குளியலறையில் சுடுதண்ணீர் வருகிறதே என்றால், சுடுதண்ணியில குளிச்சால் அது முழுக்கில்லை என்பார். அவர் அந்த ஒரு நாளைத் தன் மனைவிக்கும் பிள்ளைக்குமாகப் பிடித்தார். அதற்கு மேல் நான் என்ன கதைப்பது?

ஞாயிற்றுக்கிழமைகளில் த்ரீ கிங்ஸ் கடைத்தெருவில் ஒரு தொலைபேசிக் கூண்டுக்குள் அவரைக் காணலாம். கொழும்புக்கு எடுப்பார். ஒரு முறை நான் மரக்கறிப் பையோடு எதிர்ப்பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கூண்டுக்குள் போனதும் குல்லாவைக் கழற்றினார், மப்ளரை அவிழ்த்தார், பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலையை வடிவாக வாரினார். பிறகுதான் இலக்கத்தை அழுத்தினார். கதைத்து முடித்த பிறகும் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். மறுபக்கத்தில் யாரும் இல்லை என்பது இங்கிருந்தே தெரிந்தது. மறுநாள் காரில், டெலிபோனுக்கு ஏன் அண்ணை தலை வாரிறியள் என்று கேட்டேன். குரலில தெரியும் பிள்ளை என்றார். எனக்கு அப்படித் தலை வாரிக்கொண்டு எடுக்க ஒருவரும் இருக்கவில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போய் அதை நினைத்து அழுதேன்.

ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை. வயலெல்லாம் வெள்ளை. ஆண்களில் மூன்று பேருக்குக் காய்ச்சல், வரவில்லை. பத்து மணிக்கு லொறி வந்துவிடும். மேற்பார்வையாளர் கொட்டகைக்குள் வந்து, யாராவது ஒரு மணித்தியாலம் பெட்டி தூக்க முடியுமா என்று பொதுவாகக் கேட்டார். அண்ணையைப் பார்த்துக்கூடக் கேட்கவில்லை. அண்ணைதான் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். நான் கண்ணை உருட்டினேன். பெண்களுக்கு நடுவில், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, ஐம்பது வயது ஆண்பிள்ளை, நெஞ்சுநோவைச் சொல்லாமல் முடியாதென்று எப்படிச் சொல்வார்?

"ஒரு மணித்தியாலம்தானே, பிள்ளை," என்று சொல்லிவிட்டுப் போனார். தலையில் ஈரம் காயவில்லை. கைகாலை ஆட்டவும் இல்லை, நேரமில்லை.

என் இடத்திலிருந்து பெரிய கதவுக்குள்ளால் வயல் தெரியும். கையில் பூக்கோவா, கண் வெளியே. முதல் பெட்டி ஏற்றினார். இரண்டாவது ஏற்றினார். மூன்றாவதோடு வண்டிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் போய், பெட்டியை வைத்துவிட்டு, மலைச்சரிவைப் பார்த்தார். மேற்பார்வையாளர் அதைக் கண்டு சிரித்து, பார், உங்கள் ஆள் திரும்பவும் மாடு பார்க்கத் தொடங்கிவிட்டார் என்று கையால் எங்களுக்குக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஆனால் ஓடவும் இல்லை. இரண்டு நிமிடத்தில் விட்டுவிடும் என்று எனக்குத் தெரியுமே. நான்தானே நேர்ஸ். அவர் நிற்பதை வைத்து நேரம் பார்க்கிறவள் நான். ஒன்று சுற்றினேன். இன்னொன்று சுற்றினேன். எத்தனை சுற்றினேனோ தெரியாது.

பிறகு நிமிர்ந்து பார்த்தபோது அவர் நிற்கவில்லை. பெட்டியின் மேல் இருந்து, முதுகைச் சக்கரத்தில் சாய்த்து, அதே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்களுக்கு அது வித்தியாசமாகத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. அண்ணை நிற்கிற ஆள். வேலை நேரத்தில் அவர் இருந்து நான் ஒரு நாளும் கண்டதில்லை.

ஓடினேன். சேற்றில் ஒரு சப்பாத்து போய்விட்டது. அவரை நிலத்தில் கிடத்தி நெஞ்சை அழுத்தினேன், வாயில் ஊதினேன், திரும்ப அழுத்தினேன். ஒன்பது வருடம் செய்த வேலையை என் கை மறக்கவில்லை. மேற்பார்வையாளர் அழுதுகொண்டே அம்புலன்சுக்கு அடித்தார். அவர்கள் வந்து என்னை விலக்கிவிட்டுத் தங்கள் மெசினைப் பொருத்தினார்கள். வெகுநேரம் பாடுபட்டார்கள். பிறகு எழும்பினார்கள்.

அவர்களில் ஒரு பெண் என் தோளில் கைவைத்து, இவருக்கு முன்பு நெஞ்சுவலி ஏதும் இருந்ததா என்று கேட்டாள்.

அவர் நிலத்தில் கிடக்கிறார். கண் திறந்திருக்கிறது. அப்போதும் என் மனம் எங்கே போனது தெரியுமா? கோப்புக்குப் போனது. அந்தப் பிள்ளைக்குப் போனது. நான், "நோ," என்றேன்.

எரித்தது எட்டுப் பேர் சேர்ந்து. தேவாரத்தைத் திருநெல்வேலி அக்கா பாடினார். கராஜைத் துப்புரவாக்கியபோது ஒரு பிளாஸ்டிக் பைக்குள் அந்த மெடிக்கல் கடிதத்தோடு விண்ணப்பக் கடிதங்கள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. கூப்பிட்ட மனுசன் போய்விட்டார், இனி அந்த இரண்டு பேருக்கும் என்ன வழி என்று, இலவசமாக ஆலோசனை சொல்கிற ஒரு சட்டத்தரணி அம்மாவிடம் அந்தப் பையைக் கொண்டுபோனேன். வெள்ளைக்காரப் பெண்மணி. பொறுமையாக ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். கஷ்டம்தான், ஆனால் கருணை அடிப்படையில் கேட்டுப் பார்க்கலாம் என்றார். எழும்பி வரும்போது என் வாய் சும்மா இருக்கவில்லை. அவருக்கு இதயவருத்தம் இருந்தது தெரியவந்திருந்தால் இந்த விண்ணப்பத்தை மறுத்திருப்பார்களா என்று கேட்டுவிட்டேன்.

அவர் விளங்காமல் என்னைப் பார்த்தார். இவருக்கு ஏற்கெனவே வதிவிடம் கிடைத்துவிட்டதே, இவருடைய மெடிக்கலை யார் கேட்டார்கள் என்றார். அந்த மெடிக்கல் கடிதத்தைத் திருப்பிக் காட்டினார். மனைவி, மகள், இரண்டு பெயர்தான் இருந்தது. டொக்டரிடம் சொல்வது டொக்டரோடு, அது குடிவரவுக்குப் போகாது என்றும் சொன்னார். ஏன் கேட்கிறீர்கள் என்றார். சும்மா கேட்டேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். காருக்குள் இருந்து அந்த இரண்டு பெயரையும் திரும்ப வாசித்தேன்.

அலைந்து அலைந்து பதினொரு மாதம். கடைசியில் இரண்டு பேருக்கும் விசா கொடுத்தார்கள். தாயும் பிள்ளையும் வந்து என் பிளாட்டில்தான் இறங்கினார்கள். பிள்ளை நல்ல உயரம், தகப்பனின் நெற்றி. வந்த மூன்றாம் நாள் பின்னேரம், பிள்ளை நூலகத்துக்குப் போயிருந்தது. வெளியே மழை. ஹீட்டருக்கு முன்னால் நாங்கள் இரண்டு பேரும் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தோம். அண்ணையின் மனைவி, அந்த அக்கா, கோப்பையைக் கீழே வைத்தார்.

"தங்கச்சி, உங்களுக்கு ஒண்டு சொல்லவேணும். அவற்ற நெஞ்சுநோ எனக்குத் தெரியும். கடிதத்தில எழுதினவர்."

நான் அவரைப் பார்த்தேன்.

"எனக்குப் பயம் பிடிச்சுட்டுது. அந்தக் கடிதம் வந்ததுக்கு முதல் நாள்தான் பொலிஸ் லொட்ஜுக்கு வந்து பிள்ளையை ஜீப்பில ஏத்தி, ஒரு பகல் முழுக்க வைச்சிருந்து விட்டவங்கள். நான் திருப்பி எழுதினனான், டொக்டரிட்ட போகாதேங்கோ, விசா வரட்டும், கொஞ்சம் பொறுங்கோ எண்டு. நான்தான் எழுதினனான்."

எனக்கும் தெரியும் அக்கா, நானும் சொல்லாமல்தான் இருந்தேன் என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நிறைய நேரம் அழுதார். நானும் அழுதேன். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, கையை விடாமல், என் கண்ணைப் பார்த்துக் கேட்டார்.

"சொல்லியிருந்தால் எங்களுக்கு விசா தந்திருக்க மாட்டினம், என்ன தங்கச்சி? பிள்ளை அங்கதான் கிடந்திருக்கும், என்ன?"

சட்டத்தரணி அம்மா காட்டின அந்தக் கடிதம் அடுத்த அறை அலுமாரியில் இருந்தது.

"தந்திருக்க மாட்டினம், அக்கா," என்றேன். "கட்டாயம் மாட்டினம்."